கெடு இருக்கிறது, கையெழுத்து இல்லை: ஐகாவோ கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் 30 ஆண்டுகளுக்கும் மேலாக விமானப் பராமரிப்பில் இருந்தவன். விமானத்தை ஓட்டியதில்லை, விற்றதில்லை, அதற்குக் கொள்கை வகுத்ததும் இல்லை. ராத்திரி முழுக்க ஹேங்கரில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, விடியும் நேரத்தில் 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டவன். பணி ஓய்வுக்குப் பிறகு நேரம் கிடைத்ததால், விமானத் தொழிலின் எதிர்காலம் பற்றி நீங்கள் போட்ட தீர்மானங்களை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதை எங்கள் தொழில் பாஷையில்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் எம்.இ.எல். என்று ஒரு புத்தகம் உண்டு. விமானத்தில் எதெது வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம், எத்தனை நாளைக்குப் பறக்கலாம் என்று அதில் இருக்கும். பி பிரிவுப் பழுது என்றால் 3 நாள். சி என்றால் 10 நாள். டி என்றால் 120 நாள். கண்டுபிடித்த நாள் கணக்கில் வராது, அன்று நள்ளிரவிலிருந்து கடிகாரம் ஓடும். விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாக்கில் பழுது என்ன, எந்தப் பிரிவு, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி, கீழே என் லைசென்ஸ் எண்ணையும் கையெழுத்தையும் போட வேண்டும். கெடு முடிந்தும் பழுது அப்படியே இருந்தால் விமானம் நிற்கும். அவ்வளவுதான்.

ஒரு ராத்திரி இன்னும் நினைவில் இருக்கிறது. விமானத்தின் வாலில் ஏ.பி.யு. என்று ஒரு சின்ன எஞ்சின் இருக்கும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏ.சி.க்குக் காற்றும் தருவது அதுதான். அது கெட்டுப்போய், 10 நாள் கெடுவில் ஓடிக்கொண்டிருந்த விமானம் ஒன்று. பத்தாம் நாள் ராத்திரி வரை உதிரிப் பாகம் வந்தபாடில்லை. காலை 5 மணிக்குப் புறப்பாடு, 170 சொச்சம் பயணிகள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. "ஒரே ஒரு செக்டார்தான் சார், போய்விட்டு வந்ததும் மாட்டிவிடலாம். தரையில் மின்சார வண்டி இருக்கிறதே, ஏ.பி.யு. எதற்கு?" அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அந்த விமானம் பறக்கும், பத்திரமாகவே பறக்கும். ஆனால் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, புத்தகத்தில் அதற்கு மேல் இடமில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. விமானம் நின்றது. பயணிகள் திட்டினார்கள், மறுநாள் மேலதிகாரி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஆனால் பாருங்கள், பத்து நாளாக எங்கேயும் கிடைக்காத உதிரிப் பாகம் அன்று மத்தியானமே வந்து சேர்ந்தது. விமானம் நின்றால்தான் சாமான் வரும். என் வேலையில் நான் கற்றுக்கொண்ட பாதி விஷயம் இதுதான்.

சரி, உங்கள் தீர்மானத்துக்கு வருகிறேன்.

2022 அக்டோபரில், உங்கள் 41ஆவது பேரவை ஒரு நீண்டகால இலக்கை ஏற்றுக்கொண்டது: சர்வதேச விமானப் போக்குவரத்தின் நிகரக் கரியமில வெளியீட்டை 2050க்குள் பூஜ்ஜியமாக்குவது. விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா ஓராண்டு முன்பே அதே ஆண்டைக் குறித்துவிட்டது. நல்ல விஷயம்தான். தீர்மானத்தை நிதானமாகப் படித்தேன். இது எல்லா நாடுகளும் 'கூட்டாக' அடைய வேண்டிய இலக்கு, எந்தத் தனி நாட்டின் மீதும் தனிக் கடமை எதையும் சுமத்தவில்லை என்று அதிலேயே சொல்லியிருக்கிறீர்கள். பெயரிலேயே 'விழைவு' என்ற சொல் வேறு. நான் டெக் லாக்கில் 'இதை எல்லோரும் சேர்ந்து மாட்ட விழைகிறோம்' என்று எழுதியிருந்தால் மறுநாள் லைசென்ஸ் என்னிடம் இருந்திருக்காது.

இது முதல் தடவையும் இல்லை. 2010 பேரவையில், எரிபொருள் சிக்கனம் ஆண்டுக்கு 2 சதவீதம் கூடும், 2020க்குப் பிறகு நிகர வெளியீடு ஏறாது என்றீர்கள். 2016இல் கோர்சியா திட்டம் வந்தது. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெளியிடும் கரியமில வாயுவுக்கு, நிறுவனங்கள் வேறு யாரோ வேறெங்கோ குறைத்ததை விலைக்கு வாங்கி ஈடுகட்ட வேண்டும். அந்த அளவு முதலில் 2019, 2020 இரண்டு ஆண்டுகளின் சராசரியாக இருந்தது. பெருந்தொற்றில் 2020 படுத்துவிட்டது. அப்படியே விட்டால் சுமை கூடும் என்று 2019 மட்டும் என மாற்றினீர்கள். பிறகு 2024 முதல் 2019இன் 85 சதவீதம் என்று இன்னொரு மாற்றம். இது கட்டாயமாவது 2027இல், முடிவது 2035இல். 2035க்கும் 2050க்கும் நடுவில் என்ன என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

எம்.இ.எல்.லிலும் நீட்டிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காரணம் எழுதி, அனுமதி வாங்கித்தான் நீட்ட முடியும். நினைத்தபோது அளவுகோலையே மாற்ற முடியாது.

2050 ரொம்பத் தூரத்தில் இருப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். ஹேங்கரில் இருந்து பார்த்தால் அப்படித் தெரியாது. ஒரு பயணி விமானம் 20, 25 ஆண்டு பறக்கும். நன்றாகப் பராமரித்தால் அதற்கு மேலும் போகும், சரக்கு விமானமாக மாற்றினால் கேட்கவே வேண்டாம். இந்த மாதம் தொழிற்சாலையிலிருந்து பெயின்ட் வாசனையோடு வெளியே வரும் விமானத்துக்கு 2050இல் 25 வயதுகூட ஆகியிருக்காது. 2024 நிலவரப்படி உற்பத்தியாளர்களிடம் சுமார் 17,000 விமானங்களுக்கு ஆர்டர் காத்திருந்தது. அவை அத்தனையும் கெரசின் வகை எரிபொருளை எரிக்கும் எஞ்சினோடு வருபவை. ஆக, 2050இன் விமானக் கூட்டத்தில் கணிசமான பங்கு இப்போதே வாங்கியாகிவிட்டது.

பழையவை கழிவதும் தாமதமாகிறது. உலக விமானங்களின் சராசரி வயது 2024இல் 14.8 ஆண்டு, அதுவரை இல்லாத உச்சம். காரணம், புதியவை நேரத்துக்கு வருவதில்லை. 2020இல் வர வேண்டிய போயிங் 777-9க்கு இப்போது 2027 என்கிறார்கள். வந்தவையும் ஓடுவதில்லை. ஒரு புது வகை எஞ்சினில், உள்ளே சுழலும் வட்டுகளைச் செய்த உலோகப் பொடியில் மாசு இருந்தது 2023இல் தெரியவந்து, நூற்றுக்கணக்கான புது விமானங்கள் எஞ்சின் இல்லாமல் வரிசையாக நின்றன. எஞ்சின் கழற்றிய விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இறக்கைக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் கான்கிரீட் எடையைத் தொங்கவிட்டிருப்பார்கள், காற்றடித்தால் ஆடாமல் இருக்க. மூன்று வயது விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றிப் பதினைந்து வயது விமானத்தில் மாட்டுவோம். ஹேங்கர் பேச்சில் அதற்குப் பெயரே 'கொள்ளை'தான். இந்த லட்சணத்தில், 2024இல் எரிபொருள் சிக்கனத்தில் முன்னேற்றமே இல்லை என்று ஐயாட்டாவே ஒப்புக்கொண்டது. 2 சதவீதம் என்று 2010இல் எழுதியது இப்படி முடிந்தது.

"அதற்குள் புதுத் தொழில்நுட்பம் வந்துவிடும்" என்று உங்கள் மேடைகளில் சொல்கிறார்கள். வரட்டும், நான் எதிரி இல்லை. ஆனால் எது எதற்கு உதவும் என்பதில் கொஞ்சம் ஒளிவுமறைவு இருக்கிறது.

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12,000 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. இன்றைய நல்ல பேட்டரி செல்லில் 250, 300. நாற்பது மடங்கு வித்தியாசம். மின் மோட்டார் ஆற்றலை வீணாக்குவது குறைவு என்பதால் பாதியைக் கழித்தாலும் இருபது மடங்கு. போயிங் 777-300இஆர் விமானத்தில் முழுக்க நிரப்பினால் 145 டன் எரிபொருள் பிடிக்கும். இருபதால் பெருக்கிப் பாருங்கள், விமானத்தின் உச்சபட்சப் புறப்பாட்டு எடையே 351 டன்தான்.

இதைவிடச் சிக்கலானது தரையிறங்குவது. அதே விமானம் இறங்கும்போது 251 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது. போகிற வழியில் எரிபொருள் எரிந்து எடை குறையும் என்று நம்பித்தான் லேண்டிங் கியரையும் பிரேக்கையும் செய்திருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்தாலும் எடை குறையாது. பிரேக் மாற்றியே முதுகு போனவனாகச் சொல்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்துக்கு மின்சாரம் சரி. 2020இல் ஐரோப்பாவில் ஒன்றுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். கடல் தாண்டும் விமானத்துக்கு அது இன்றைய பதில் இல்லை.

ஹைட்ரஜன்? எடை குறைவு, ஆற்றல் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரவமாக வைக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும், இடமும் நான்கு மடங்கு தேவை. 2020 செப்டம்பரில் ஏர்பஸ் அழகழகான படங்களைக் காட்டி 2035 என்றது. 2025 தொடக்கத்தில் அந்தக் கெடு தள்ளிப்போனது. நான் ஏர்பஸ்ஸைக் குறை சொல்லவில்லை. முடியாததை முடியாது என்று சொன்னது பொறியாளரின் நேர்மை. அந்தப் படங்களை நம்பி ஐந்து ஆண்டு சும்மா இருந்தவர்களைத்தான் கேட்கிறேன்.

மிஞ்சுவது சாஃப். பழைய சமையல் எண்ணெய், கொழுப்பு, கழிவு, அப்புறம் மின்சாரத்தையும் காற்றிலிருந்து பிடித்த கரியமில வாயுவையும் வைத்துச் செய்யும் மாற்று எரிபொருள். இதன் பெரிய வசதி, இப்போதிருக்கும் எஞ்சினிலேயே ஓடும், பாதிக்குப் பாதி கலக்க அனுமதியும் உண்டு. 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு முழுக்க முழுக்க இதிலேயே ஒரு பெரிய பயணி விமானம் பறந்து காட்டியது. எனவே தடை தொழில்நுட்பம் இல்லை. 2024இல் உலகம் முழுக்கத் தயாரானது சுமார் 10 லட்சம் டன், மொத்த விமான எரிபொருளில் 0.3 சதவீதம். விலையோ இரண்டிலிருந்து ஐந்து மடங்கு.

இங்கேதான் தொழிலின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பயணியை ஏற்றி இறக்கினால் விமான நிறுவனத்துக்குக் கடைசியில் நிற்கும் லாபம் சராசரியாக 7 டாலர் அளவுதான். நல்ல ஆண்டில். 2020இல் ஒரே ஆண்டில் இந்தத் தொழில் இழந்தது 13,000 கோடி டாலருக்கு மேல். அந்த ஜூன் மாதம் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் கடன் வாங்க அடகு வைத்தது விமானத்தை இல்லை, அடிக்கடி பறப்பவர்களுக்குப் புள்ளி கொடுக்கும் திட்டத்தை. அதன் மதிப்பு நிறுவனத்தின் பங்குச் சந்தை மதிப்பைவிட அதிகமாக இருந்தது. பறப்பதைவிடப் புள்ளி விற்பதுதான் நல்ல வியாபாரம் போலிருக்கிறது.

7 டாலர் லாபத்தில் ஓடும் ஒரு நிறுவனம், போட்டியாளர் மலிவான எரிபொருளை ஊற்றும்போது, தான் மட்டும் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குமா? நானாக இருந்தாலும் வாங்க மாட்டேன். இது மனசாட்சிப் பிரச்சினை இல்லை, விதி இல்லாத பிரச்சினை.

ஐரோப்பா தன் பங்குக்கு விதி போட்டுவிட்டது: எரிபொருளில் சாஃப் 2025இல் 2 சதவீதம், 2030இல் 6, 2050இல் 70. மீறினால் அபராதம். பறக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மலிவான ஊரிலேயே திரும்பி வரவும் சேர்த்து நிரப்பிக்கொண்டு கிளம்புவார்கள். டேங்கரிங் என்போம். தேவையில்லாத எடையைச் சுமந்து இன்னும் கூடுதலாக எரிப்பது. அதனால் ஆண்டுக்குத் தேவையான எரிபொருளில் 90 சதவீதத்தை அங்கங்கே கிளம்பும் விமான நிலையத்திலேயே நிரப்ப வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார்கள். இருந்தாலும் ஒரு கண்டத்தின் விதி அந்தக் கண்டத்தின் எல்லையோடு நின்றுவிடும். எல்லைகளைத் தாண்டிய விதி எழுதத்தானே 1944இல் சிகாகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்டு உங்களை உருவாக்கின?

"அப்படியெல்லாம் உலகம் முழுக்கக் கெடு வைக்க முடியாது" என்று சொல்வீர்கள். முடிந்திருக்கிறது. நானே அதற்குள் வேலை பார்த்தேன்.

1990இல் உங்கள் பேரவை சத்தம் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. பழைய, இரைச்சலான ஜெட் விமானங்களை 1995 ஏப்ரலில் தொடங்கிப் படிப்படியாக, 2002 மார்ச் 31க்குள் விலக்கலாம் என்று நாடுகளுக்கு வழி திறந்தது. அமெரிக்கா அதே ஆண்டில் சட்டம் போட்டு, பெரிய விமானங்களுக்கு 1999 டிசம்பர் 31 என்று கெடு வைத்தது. தேதிக்குப் பிறகு அந்த விமானம் இறங்கவே முடியாது. தொழில் மூழ்கிவிடும் என்று அப்போதும் சொன்னார்கள். நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலம் அது. அந்தப் பழைய ஜெட்களில் இருந்த ஜேடி8டி எஞ்சினின் பின்பக்கத்தைக் கழற்றி, சத்தம் குறைக்கும் ஹஷ் கிட் மாட்டினோம். எடை கூடியது, வேலை நாற்றம் பிடித்தது, போல்ட் துளை ஒன்றும் சரியாகப் பொருந்தாது, விரலெல்லாம் வெட்டு. சில நிறுவனங்கள் கிட் மாட்டின. சில, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பழைய விமானத்தை உடைக்க அனுப்பின. கெடு வந்தது, சத்தம் போனது, தொழில் மூழ்கவில்லை. ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு விலக்கும் அவகாசமும் கொடுத்தார்கள், அதுவும் சரியே.

அதே அச்சில் இன்னொன்று வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 2050 இலக்கை நாடு வாரியாகப் பிரியுங்கள். 2030, 2035, 2040 என்று நடுவில் கெடு வையுங்கள். ஒவ்வொரு கெடுவிலும் கலக்க வேண்டிய மாற்று எரிபொருளின் அளவு எல்லா நாட்டுக்கும் பொருந்த வேண்டும். கலக்காத நிறுவனத்தின் விமானத்தை மற்ற நாடுகள் தங்கள் நிலையத்தில் இறங்க விடாமல் தடுக்கும் உரிமையும் அதோடு வர வேண்டும். பணக்கார நாடுகள் முன்னால் போகட்டும். எரிபொருள் வரியைத் தொட முடியாது என்று சிகாகோ உடன்படிக்கையின் 24ஆவது பிரிவைக் காட்டுகிறார்கள். அந்தப் பிரிவு விலக்கு தருவது விமானத்தின் தொட்டியில் ஏற்கெனவே இருந்துகொண்டு வரும் எரிபொருளுக்கு மட்டுமே. மற்றதெல்லாம் நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள். மனிதர்கள் எழுதியது, மனிதர்கள் மாற்றலாம்.

இதனால் டிக்கெட் விலை ஏறும். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 'மலிவாகவும் பறக்கலாம், இரண்டு மடங்காகவும் பறக்கலாம், வெளியீடும் பூஜ்ஜியமாகும்' என்ற மூன்றும் ஒன்றாக நடக்காது. 2018இல் உலக மக்களில் பத்தில் ஒருவர்தான் விமானம் ஏறினார், ஒரு சதவீதம் பேர் மட்டுமே பயணி விமான வெளியீட்டில் பாதிக்குப் பொறுப்பு என்று ஒரு கணக்கு சொல்கிறது. விலை ஏறினால் ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்று யாராவது உங்கள் கூட்டத்தில் உருகினால், இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள். வாரம் இரண்டு முறை பறப்பவருக்கு ஏறட்டும். புள்ளி கொடுத்து மேலும் பறக்க வைக்கும் வழக்கத்தை விட்டாலே பாதி வேலை முடியும் என்பது என் சொந்தக் கருத்து, தீர்மானத்தில் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று, இதற்குப் பெரிய செலவுகூட இல்லை. உயரத்தில் விமானம் விட்டுப்போகும் வெள்ளைக் கோடுகள். குளிர்ந்த, ஈரம் மிகுந்த காற்றில் அவை பரவி மேகமாகி, ராத்திரியில் பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கின்றன. எல்லாப் பயணங்களிலும் இது நடப்பதில்லை, கொஞ்சம் பயணங்களே பெரும்பாலான சேதத்தைச் செய்கின்றன. 2023இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 பயணங்களில் உயரத்தைச் சற்றே மாற்றிப் பார்த்ததில், கோடுகள் பாதிக்கு மேல் குறைந்தன. இதற்குப் புது எஞ்சின் வேண்டாம், பைலட்டுக்கு நல்ல வானிலைத் தகவலும், கட்டுப்பாட்டாளர் கொடுக்கும் இரண்டாயிரம் அடி மாற்றமும் போதும். ஐரோப்பா 2025 முதல் இதை அளந்து அறிக்கை தரச் சொல்கிறது. முதலில் எல்லோரும் அளக்கட்டும். டெக் லாக்கில் ஏறாத பழுதை யாரும் சரிசெய்ய மாட்டார்கள்.

உங்கள் அடுத்த பேரவை வழக்கப்படி 2028இல் கூடும். அதற்கு முன் கவுன்சில் பலமுறை கூடும், வரைவுகள் சுற்றுக்குப் போகும், 193 நாடுகளும் கருத்துச் சொல்லும், எனக்குத் தெரியும். இந்த மடலுக்குப் பதில் எழுத உங்களுக்கு நேரம் இருக்காது என்பதும் தெரியும். 2028 நிகழ்ச்சி நிரல் தயாரானதும் ஒரு பிரதி வெளியிடுவீர்கள் அல்லவா? அதில் தேதி, நாட்டின் பெயர், தவறினால் என்ன என்ற மூன்று பத்திகள் இருக்கின்றனவா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். பழக்கம் விடவில்லை, கீழே யார் கையெழுத்து என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஒரு விமானப் பராமரிப்புப் பொறியாளர்